சித்தி தேய்த்த இரும்பு

பிள்ளைகளா, போன சனிக்கிழமை பதுளை ஹார்ட்வெயார் கடையில் நீங்கள் ரெண்டு பேரும் என் மேல் கோபப்பட்டது எனக்குத் தெரியும். இரும்பு தேய்க்கிற ஒரு எமரித் தாள் வாங்க இவ்வளவு நேரமா என்று மகள் முணுமுணுத்தாய். தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிற ஆளை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை என்று மகன் சத்தமாகவே சொன்னாய். கடைக்காரர் முன்னால் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்பதால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு லீக்ஸ் மூட்டையோடு வெலிமடையிலிருந்து வருகிறாரே, என் அம்மாவின் தங்கை, அவரைப் பற்றித்தான். எனக்குச் சித்தி. அவருக்கு இரும்பு வேலை தெரியும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். உண்மையில் தெரியாதுதான். தெரியாமலே செய்தார் என்பதுதான் கதை.

என் வலது கால் பிறந்ததிலிருந்தே மெலிவு. நீங்கள் இப்போது பார்க்கிற சின்னச் சாய்வு அப்போது பெரிய சாய்வு. மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் இருந்தோம். பதுளைப் பெரிய ஆஸ்பத்திரியில் எனக்குக் காலுக்கு ஒன்று போட்டிருந்தார்கள். சப்பாத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ரெண்டு பக்கமும் ரெண்டு பட்டை, மேலே ரெண்டையும் சேர்க்கிற ஒரு வளையம், இறுக்கிக் கட்ட ஒரு தோல் வார். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'இரும்பு'. இரும்ப மாட்டுடா, இரும்பக் கழட்டிட்டுப் படுடா, என்றுதான் என் நாள் தொடங்கி முடியும்.

நான் வளர்ந்தேன். இரும்பு வளரவில்லை. வளையம் கெண்டைக்கால் சதையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கடிக்கத் தொடங்கியது. கிளினிக்கில் அளவு எடுத்தார்கள். புதுசு வர ஏப்ரல் தாண்டும் என்றார்கள். அவர்கள் மேல் பிழை சொல்ல முடியாது. மாகாணம் முழுக்க எத்தனை கால்கள்.

பிரச்சினை ஜனவரியில் இருந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆறாம் வகுப்புக்குச் சந்திப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கிப் போக வேண்டும். பஸ் அந்தப் பாதையில் எட்டிப் பார்க்காது. தேயிலை மலை நடுவே கல் படி, பிறகு ஒற்றையடிப் பாதை, பிறகு ஓடை. சாயங்காலம் அதே வழியில் ஏற வேண்டும். அப்பா ஒரு நாள் என் காலுறையைக் கழற்றி, அதில் ஒட்டியிருந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "இவன இப்பிடி நடக்க வச்சு என்ன கலெக்டரா ஆக்கப் போறோம்? வீட்டுல இருக்கட்டும். அடுத்த வருசம் பாப்போம்" என்றார். எங்கள் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த வருசம் பார்ப்போம் என்று நிறுத்தின பிள்ளை ஒன்றுகூட அடுத்த வருசம் போனதில்லை. அது அப்பாவுக்கும் தெரியும். அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்திதான் பேசினார். "ஜனவரிதான அத்தான்? அதுக்குள்ள நான் ஒண்ணு செஞ்சு குடுக்கிறேன்."

"நீயா?"

"ஏன், இரும்பு என்ன வானத்துல இருந்தா விழுது?"

சித்தி அப்போது குவைத்துக்குப் போய்விட்டு வந்து திரும்பவும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகவில்லை. வந்தவர் டீவி வாங்குவார் என்று லயமே காத்திருந்தது. அவரோ பழைய பத்திரிகையில் என் காலையும் இரும்பையும் வைத்துப் பென்சிலால் வரைந்து, பசறை ரோட்டில் இருந்த ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். அங்கே நீளமாக ரெண்டு பட்டை வெட்டி, துளை போட்டு, மேல் வளையத்தையும் வளைத்துக் கொடுத்தார்கள். அளவு சரியாக இருந்தது. ஆனால் வெட்டின ஓரமெல்லாம் பிசிறு. விரலை வைத்து இழுத்தால் வெட்டும். தேய்த்துத் தர நேரமில்லை, லொறிகள் நிற்கின்றன, வீட்டில் தேய்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். துணி சுற்றிப் பார்த்தோம். மார்கழி மழையில் துணி நனைந்து, ஊறி, அதுவே புண்ணாக்கியது. அட்டைக்கும் அது நல்ல வீடாகப் போய்விட்டது. இரும்பே வழுவழுப்பாக இருந்தால்தான் உண்டு.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கு வந்தார். கடை முதலாளி ஒரு முஸ்லிம் நானா. கண்ணாடி மூக்கு நுனியில் நிற்கும்.

"என்ன தங்கச்சி வேணும்? பெயிண்டா?"

"இரும்பு தேய்க்கிற மிசினுங்க."

"யாருக்கு, ஊட்டுக்காரருக்கா?"

"ஊட்டுக்காரர் இன்னும் வரலைங்க. வந்தா அவருக்கு வேற வாங்கிக்கலாம். இது எனக்கு."

நானா சிரித்துக்கொண்டே ரெண்டு கிரைண்டரை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று பெரிசு, ரெண்டு கையாலும் பிடிக்க வேண்டியது. மற்றது சின்னது, வெள்ளரிக்காய் மாதிரி ஒரு கைக்குள் அடங்கும். சித்தி அந்த ரெண்டையும் பார்க்கவே இல்லை. கையில் எடுத்துத் தூக்கினார். இதை ஒரு தரம், அதை ஒரு தரம். நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, நிறுத்து, நிறைக்குத் தக்கபடி கூலி வாங்குகிற ஆட்கள் நாங்கள். எங்களுக்குக் கனமாக இருப்பதுதான் நல்லது. மண்வெட்டியானாலும் கனம் பார்ப்போம், பூசணிக்காயானாலும் கனம் பார்ப்போம். சித்தி பெரிசைத் தட்டி, "இதக் குடுங்க" என்றார்.

"இது இரும்புக் கேட்டு, தூணு மாதிரி பெரிய வேலைக்கு புள்ள. உங்கட சாமான் சின்னதுதானே?"

"பெருசு சின்ன வேலையும் செய்யுந்தானே?"

"செய்யும். உங்கட ஊட்டுக் கரண்டு தாங்குமா?"

"ஏன் தாங்காது? பல்பு எரியுதே!"

நானா என்னைப் பார்த்தார். நான் பெரிய மிசினைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் அதுதான் பிடித்திருந்தது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் மேட்ச். லயத்தில் டீவி இருந்தது வரிசையின் கடைசி வீட்டில், கடைசிக் காம்பரா மாமாவிடம் மட்டும். ஆணும் பெண்ணுமாக முழு லயமும் அங்கே அடைந்து கிடந்தது. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம், சண்டை மட்டும் பொதுவாக நடந்துகொண்டிருந்தது. கடைசி ஓவர். நல்ல சமயம், யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று சித்தி நினைத்துவிட்டார். வாசலில் பலகையைப் போட்டு, பட்டையை ரெண்டு கல்லுக்கு நடுவில் இறுக்கி, சுவிட்சைப் போட்டார்.

மிசின் ஒரு உறுமல் உறுமியது. காம்பராவுக்குள் பல்பு மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தது. எங்கள் லயம் முழுவதற்கும் ஒரே மெயின், ஒரே பியூஸ். அப்புறம் கடைசிக் காம்பராவிலிருந்து எழும்பின சத்தம் இருக்கிறதே, அதை இன்றைக்கும் எந்த மைதானத்திலும் நான் கேட்டதில்லை.

மாமா சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "எவடி அது? மூணு பந்து இருந்துச்சுடி! மூணு பந்து!"

"நான் என்ன மாமா வேணும்னா செஞ்சேன்?"

"மிளகாத்தூள் அரைக்கிற கிரைண்டருன்னுல்ல நெனச்சோம்! இது என்னாடி, ரயில் இஞ்சினா?"

"கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு ஒரு இரும்புக் கேட்டு செஞ்சு தாரேன்."

"எனக்குக் கேட்டு வேணாம், மேட்சுதான் வேணும்!"

யார் வென்றது என்பதை மேல் லயத்து ரேடியோவைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். யார் என்பது எனக்கு இப்போது நினைவில்லை. எனக்கு நினைவிருப்பது பட்டை. பியூஸ் போவதற்கு முன்னால் மிசினின் கல் தட்டு அதைத் தொட்டது ஒரே கணம்தான். அந்தக் கணத்தில் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. பள்ளத்தைச் சுற்றி இரும்பு நீலமாகச் சூடேறிக் கிடந்தது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அன்று சாயங்காலம் லயத்து ஆட்கள் வந்து, இனி இந்த மிசின் சத்தம் இங்கே கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அப்பாவுக்கு அவமானம். "போதும். பள்ளிக்கூடமும் வேணாம், இரும்பும் வேணாம்" என்றார்.

"ஜனவரி இன்னும் பொறக்கல அத்தான்" என்றார் சித்தி.

அடுத்த சனிக்கிழமை பெரிய மிசினைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பவும் பதுளைக்கு வந்தோம். நானா மாற்றித் தர மாட்டார் என்று நான் பயந்தேன்.

"பாவிச்ச சாமானைத் திருப்பி எடுக்க ஏலாதே தங்கச்சி. எத்தின தரம் சுத்துச்சு?"

"ஒரு தரங்கூட முழுசா சுத்தலைங்க. அதுக்குள்ள முழு லயமும் என்னையச் சுத்திருச்சு."

நானா சத்தமாகச் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு மனிதனால் முடியாது என்று சொல்ல முடியாது. சின்ன மிசினை எடுத்து வைத்தார். இந்தத் தடவை சித்தி எதையும் தூக்கிப் பார்க்கவில்லை. பட்டையைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். "இதுக்கு எது வேணுமோ அதக் காட்டுங்க. இந்தப் புள்ள காலுக்குப் போடறது" என்றார். நானா கண்ணாடியை மேலே தள்ளி என் காலைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் வேறு யாருக்கும் சாமான் கொடுக்கவில்லை. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இதைக் கவனமாகக் கேளுங்கள், ஒரு நாள் உங்களுக்கு உதவும். கல் தட்டு இரும்பைத் தின்னும், அதனால் கட்டி கட்டியாக நிற்கிற இடத்துக்கு மட்டும். ஓரம் மழுக்குவதற்கு வேறொரு தட்டு இருக்கிறது. வெற்றிலையை வட்டமாக அடுக்கின மாதிரி எமரித் துண்டுகளை அடுக்கி ஒட்டியிருப்பார்கள். அதை அழுத்தக் கூடாது, தடவிக்கொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் சூடாகி நீலம் பாயும். வளையத்தின் உள்பக்கத்துக்கு மிசினே ஆகாது. ஒரு பக்கம் தட்டையாகவும் மறு பக்கம் வளைவாகவும் இருக்கிற அரம் வேண்டும். துளைகளுக்குள்ளே எலி வால் மாதிரி மெல்லிய அரம். எல்லாவற்றுக்கும் கடைசியில் எமரித் தாள், முரடிலிருந்து மெலிசுக்கு, தண்ணீர் தொட்டுத் தொட்டு. தாளில் நம்பர் கூடக் கூட மெலிசாகிக்கொண்டே போகும் என்று நானா சொன்னபோது சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்களுக்கு நம்பர் கூடினா கனம் கூடணும். இது தலகீழா இருக்கே" என்றார். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியை நானா தானாகவே எடுத்து வைத்தார். மிசினில் இருக்கிற இரும்பு மறைப்பைக் கழற்றினால் இனி இந்தக் கடைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார்.

கடைசிக் காம்பரா மாமாவிடம் சித்தி நேரே போய்ப் பேசினார். மேட்ச் இல்லாத ஞாயிறு, வெளிச்சம் இருக்கும்போது, பல்பு மங்கினால் உடனே நிறுத்துவது என்று பேச்சு. மாமா முறைப்பாகத்தான் ஒத்துக்கொண்டார். ஆனால் அந்த ஞாயிறு முதலில் வந்து பலகையில் உட்கார்ந்தவரும் அவர்தான். கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற சாக்கை நனைத்துக் கட்டிக்கொண்டு, கண்ணாடி போட்டு, தலையில் துண்டு சுற்றி, சித்தி குந்தியிருந்தார். பொறி பறந்தது. லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் ஓவென்று கத்தின. "கையத் தூக்கிக்கிட்டே போ, நிக்காத, நிக்காத" என்று மாமா ஏதோ தெரிந்தவர் மாதிரி சொல்லிக்கொண்டிருந்தார். பல்பு மங்கியது, ஆனால் அணையவில்லை.

மிசின் வேலை அன்றோடு முடிந்தது. மற்றதெல்லாம் கை வேலை. மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு சித்தி அரத்தை எடுப்பார். பிறகு தாள், அதற்கும் மெல்லிய தாள். கராஜிலிருந்து கறுப்பாக வந்த பட்டை சாம்பல் நிறமாகி, வெள்ளி நிறமாகி, முகம் மங்கலாகத் தெரிகிற அளவுக்கு வந்தது. விழுந்த பள்ளம் மட்டும் ஒரு சின்னக் குழியாக நின்றது. விரல் கல்லு மாதிரி காய்த்துப் போனதால் தாளின் மெலிசை அவர் கன்னத்தில் வைத்துத்தான் பார்ப்பார். அந்த விரலுக்குப் பிசிறும் தட்டாது என்பதால், தோட்டத்தில் கொடுத்த கம்பளியிலிருந்து ஒரு நூலை உருவி என்னிடம் தந்திருந்தார். நான் அதை ஓரத்தில் வைத்து இழுப்பேன்.

"நிக்குதாடா?"

"நிக்குது சித்தி. இந்த மூலையில."

தேய்ப்பார். திரும்ப இழுப்பேன். ஒரு நாள் நூல் எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. நான் குதித்தேன். முடிந்தது, மாட்டலாம் என்றேன்.

"நூலுக்கு வலிக்காதுடா" என்று சொல்லிவிட்டு, சித்தி இரும்பைச் சேலைத் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த நாள் மலைக்கு அதையும் கொண்டு போனார்.

எனக்கு விளங்கவில்லை. இரும்பை எதற்கு மலைக்குக் கொண்டு போக வேண்டும்? அம்மாவைக் கேட்டேன். "அவளுக்குக் கிறுக்கு" என்றார் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. அந்தக் கிழமை சித்திக்குக் கொழுந்து குறைந்துகொண்டே போனது. நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், தராசைப் பார்த்துக் கங்காணி, "என்னா புள்ள, கை எங்க, மனசு எங்க? மாப்பிள்ள கீப்பிள்ள பாத்தாச்சா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். பெண்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார். அன்றைக்கு அவருக்கு அரைப் பேர்தான் விழுந்தது, அதாவது அரை நாள் கூலி. சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இரும்பை எடுத்து, ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும், மற்ற எங்கேயும் தொடாமல், மெல்லிய தாளால் தேய்த்தார். அடுத்த நாள் வேறொரு இடம். வளையத்தின் உள்பக்கத்தில், துளைக்குப் பக்கத்தில். நூல் வழுக்கிக்கொண்டு ஓடின இடங்கள் அவை. எனக்கோ ஆச்சரியம். சித்திக்குக் கண்ணிலேயே ஏதோ சக்தி இருக்கிறது, இரும்பைப் பார்த்தாலே அதற்குள்ளே இருக்கிற பிசிறு தெரிகிறது என்று நான் மேல் லயத்துப் பிள்ளைகளிடம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அவர்களும் நம்பினார்கள்.

சித்தியின் இடது கையில், முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், சிவப்பாகக் கோடுகள் இருந்தன. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் போட்டு விடுவார். கொழுந்தெடுக்கிற கையில் கீறல் இருக்காதா? தேயிலைச் செடியின் வாது கிழித்திருக்கும் என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறந்தது. விடியும்போது சித்தியே என் காலில் இரும்பை மாட்டி, வாரை இறுக்கினார். படியில் இறங்கினேன், பாதையில் நடந்தேன், ஓடையைத் தாண்டினேன். எங்கேயாவது கடிக்கும் என்று ஒவ்வொரு அடியிலும் எதிர்பார்த்துக்கொண்டே போனேன். கடிக்கவில்லை. சாயங்காலம் ஏறி வந்ததும் அப்பா என்னைப் படியில் உட்கார வைத்து, காலுறையைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அடுத்த நாள் காலையில் என் சப்பாத்தில் அவரே பாலிஷ் போட்டு வைத்திருந்தார். புது இரும்பு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்வரை சித்தியின் இரும்புதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. நான் ஓ லெவல் வரை படித்ததும், இதை இப்போது உங்களுக்கு எழுத முடிவதும் அதனால்தான்.

நல்ல மிசின், நல்ல தாள், சித்தியின் கண், இவைதான் என்னைக் காப்பாற்றின என்று ரொம்ப வருசம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் உங்களுக்கு ஊஞ்சல் செய்தேனே. நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், உங்கள் அம்மா வேலைக்குப் போயிருந்தார். ஊஞ்சலின் கைப்பிடிப் பட்டையை மெல்லிய தாள் வரை தேய்த்து முடித்துவிட்டு, அதை முன்கையில் தொங்கப்போட்டுக்கொண்டு கொட்டகையிலிருந்து முற்றத்துக்குக் கொண்டு வந்தேன். இறக்கி வைத்தபோது கையில் சிவப்பாக ரெண்டு கோடு. பக்கம் பக்கமாக, ஒரே நீளத்தில். வாது கிழித்தால் இப்படிக் கிழிக்காது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, பிள்ளைகளா. ஒரு மெலிந்த பையனின் கெண்டைக்காலும் ஒரு பெண்ணின் முன்கையும் ஏறக்குறைய ஒரே பருமன்.

நான் திரும்பக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். தோளில் கிடந்த துண்டால் அந்தப் பட்டையை இடது கையோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். சட்டைக் கையை அதற்கு மேலே இழுத்துவிட்டு, நெஞ்சு உயரத்துக்குக் கையை நீட்டி, இல்லாத செடியிலிருந்து கொழுந்து கிள்ளித் தோளுக்குப் பின்னால் போட்டேன். திரும்பக் கிள்ளினேன், திரும்பப் போட்டேன். கை வலித்து நின்ற பிறகு கட்டை அவிழ்த்தேன். இரும்பு எந்த இடத்தில் கடித்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தைத் தேய்க்க உட்கார்ந்தேன்.